தையல் பீரியட்

மகளின் கையிலிருந்து பிடுங்கிய கைக்குட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி குருசாமி நடுவீட்டில் நின்றார். ஊசி இன்னும் அதில் குத்தியபடியே தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னடி இது?"

"கர்ச்சீப்புப்பா" என்றாள் ஆஷா. ஒன்பதாம் வகுப்பு. அப்பாவின் சத்தத்துக்குப் பழகிப்போனவள்.

"கர்ச்சீப்புன்னு எனக்குத் தெரியாதாக்கும்? இத எதுக்கு நீ தச்சுக்கிட்டு இருக்க?"

"தையல் பீரியடுக்குப்பா. இன்ஸ்பெக்ஷன் வருதாம். ஆளுக்கு ஒண்ணு ஓரம் மடிச்சுத் தச்சு, மூலையில ஒரு பூ போட்டுக் கொண்டாரணும்னு டீச்சர் சொன்னாங்க."

குருசாமிக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் மோட்டார் மெஷினில் தைக்கும் பவர் டேபிள் டெய்லர். எந்த ஊர்க் குழந்தைகளுக்கோ கழுத்துப்பட்டி அடித்து அடித்து அவர் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தூக்கத்தில்கூட வலது கால் பெடலை மிதிக்கும். பக்கத்தில் படுத்திருக்கும் கருத்தம்மாவுக்கு உதை விழும். சாத்தூர்ப் பக்கமிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து இத்தனை வருஷமாக அவர் இந்தப் பாடுபடுவது ஒரே ஒரு காரியத்துக்காக. ஆஷா ஊசியைத் தொடக்கூடாது.

கம்பெனியில் ஒரு கண்ணாடி அறை உண்டு. அதற்குள் ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர் மேடம் இருப்பார். ஃபோனில் வெளிநாட்டுக்காரனிடம் இங்கிலீஷில் சிரித்துச் சிரித்துப் பேசுவார். கையில் சாம்பிள் பீஸோடு அவர் வெளியே வந்தால் மேனேஜரே ஒதுங்கி வழிவிடுவார். குருசாமி மனசுக்குள் ஆஷாவை அந்த நாற்காலியில் எப்போதோ உட்கார வைத்துவிட்டார். ஏசியைக்கூடக் கொஞ்சம் குறைத்து வைத்திருந்தார், பிள்ளைக்குச் சளி பிடித்துவிடும் என்று.

அந்தப் பிள்ளை கையில்தான் இப்போது ஊசி.

"பள்ளிக்கூடத்துல தையலா?" என்று அவர் போட்ட சத்தத்தில் லைன் வீட்டின் கதவுகள் வரிசையாகத் திறந்தன. "திருப்பூர்ல பள்ளிக்கூடத்துக்குப் போயித்தான் தைக்கக் கத்துக்கிறணுமா? இங்க தெருநாயைப் புடிச்சு மெஷின்ல உக்கார வச்சா அதுகூட ரெண்டு பீஸ் அடிச்சிப்புடுமே!"

"ஏங்க, ஒரு கர்ச்சீப்புக்கு எதுக்கு இம்புட்டுக் கத்து?" என்றாள் கருத்தம்மா அடுப்படியிலிருந்து. அவளும் அதே கம்பெனியில் செக்கிங். "குடுங்க இங்கிட்டு. நான் தச்சுத் தாறேன்."

"அம்மா தச்சுக் குடுத்தாலும் பரவாயில்லன்னு டீச்சர் சொன்னாங்கப்பா" என்று ஆஷா சமாதானம் சொன்னாள்.

அதுதான் எரிகிற அடுப்பில் ஊற்றிய மண்ணெண்ணெய் ஆனது.

"அம்மா தச்சுக் குடுக்கவா? அப்ப அந்தம்மா அங்க என்னதான் புடுங்குது? கவர்மெண்டு சம்பளம் அதுக்கா, உங்கம்மாவுக்கா?"

"இல்லப்பா, அந்தப் பீரியட்ல நேரமே..."

"வாய மூடு!"

குருசாமிக்கு ஒரு பழக்கம். கோபம் வந்துவிட்டால் எதிராளியின் பேச்சில் முன்பாதியைத்தான் கேட்பார். பின்பாதியை அவரே முடிவு செய்துகொள்வார். கல்யாணமான நாளிலிருந்து கருத்தம்மா இதைச் சொல்லிக்காட்டப் பார்க்கிறாள். அதிலும் அவர் முன்பாதியைத்தான் கேட்டிருக்கிறார்.

கைக்குட்டை ஊசியோடு சாக்கடையில் போய் விழுந்தது.

* * *

திங்கட்கிழமை மெஷினில் உட்கார்ந்தும் கோபம் ஆறவில்லை. பக்கத்து மெஷினில் ஓவர்லாக் அடிக்கும் சகாயராஜிடம் கொட்டித் தீர்த்தார். சகாயராஜ் தூத்துக்குடிக்காரன். யாருக்கும் எதற்கும் யோசனை சொல்லத் தயங்க மாட்டான். அந்த யோசனைப்படி தான் மட்டும் நடந்துகொள்ள மாட்டான்.

"சும்மாவா விட்டிய? நேராப் போயி ஹெட்மாஸ்டர் சட்டையப் புடிச்சுக் கேளுங்கண்ணே."

"புடிச்சிருவேன்."

"புடிங்கண்ணே. நான் இருக்கேன்."

குருசாமி பர்மிஷன் போட்டுவிட்டுச் சைக்கிளை மிதித்தார். பெருமாநல்லூர் போகிற வழியில் இருந்தது அந்த அரசு உயர்நிலைப் பள்ளி. சுவரில் பாதி பள்ளிக்கூடத்தின் பெயர், மீதி பனியன் விளம்பரம்.

தலைமையாசிரியர் மயில்சாமி கொங்குச் சீமைக்காரர். வந்தவர் எவ்வளவு கத்துகிறாரோ அவ்வளவு மரியாதை கூட்டுவார். அவரைத் திட்டுவது பஞ்சு மூட்டையைக் குத்துவது மாதிரி. கைதான் வலிக்கும்.

"வாங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"தண்ணி கெடக்கட்டும் சார். எம்புள்ளைக்கு எதுக்குத் தையல் சொல்லிக் குடுக்கீக?"

"அதுங்களா... பொம்பளைப் புள்ளைங்களுக்குத் தையலு, பசங்களுக்குத் தோட்டவேலைன்னு அந்தக் காலத்துல இருந்தே இருக்குதுங்க. தமிழு, கணக்கு மாதிரி அதுவும் ஒரு பாடமுங்க."

"நான் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அதத்தான சார் பாக்குறேன்? அந்த எழவுல இருந்து தப்பிக்கணும்னுதான புள்ளைய இங்க அனுப்புறேன்? இங்கயும் ஊசியக் குடுத்தா எப்படி சார்? கம்பெனிக்கு ஆள் புடிச்சு அனுப்புற வேலையா பாக்குறீக?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க." மயில்சாமி எழுந்து போய் ஜன்னல் வழியாக வராந்தாவைப் பார்த்துவிட்டு வந்தார். "பாடத்துப் பேரைப் பாக்காதீங்க. சித்ரகலா டீச்சர் தங்கமானவங்க. பாப்பா அங்கயே இருக்கட்டுமுங்க."

"தங்கம்னா அடகு வைங்க சார். எம்புள்ள அந்தப் பீரியடுக்குப் போகாது."

"அப்ப சும்மா உக்கார வெக்க முடியாதுங்களே. பசங்களோட தோட்டவேலைக்குத்தான் அனுப்போணும்."

"அனுப்புங்க. எங்கிட்டு வேணும்னாலும் அனுப்புங்க. ஊசி மட்டும் வேணாம்!"

சட்டையைப் பிடிக்கவில்லை. ஆனால் ஜெயித்துவிட்ட மாதிரிதான் திரும்பி வந்தார். அந்த வாரம் முழுக்கக் கழுத்துப்பட்டி நேராக விழுந்தது.

* * *

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது ஆஷா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். கட்டை விரலுக்குக் கீழே கொப்புளம். முழங்கால் வரை சேறு. பாவாடையில் சாண எருவின் மணம்.

"என்னடி கோலம் இது?"

"மம்பட்டி புடிச்சேன்பா. பொங்கியண்ணன் சார் கத்திரிச் செடிக்குப் பாத்தி கட்டச் சொன்னார்."

கருத்தம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "சந்தோஷமா? உங்கப்பன் காட்டுல மம்பட்டி புடிச்சு, அது வேணாம்னுதான நீங்க இங்கிட்டு ஓடியாந்தீக? இப்ப புள்ளைய மறுபடியும் மம்பட்டிக்கு அனுப்பிட்டீக. இனி மாடு ரெண்டு வாங்கிக் குடுங்க, உழட்டும்."

குருசாமிக்கு வந்த கோபத்துக்கு யார்மேல் பாய்வது என்று தெரியவில்லை. பொங்கியண்ணன் மேல் பாயலாம், கத்திரிச் செடி மேலும் பாயலாம். கடைசியில் சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்தார். அது கம்பெனியில் கழித்துப்போட்ட பீஸ், கைப்பக்கம் கோணல். ஆஷா அதை எடுத்து மடிக்கும்போது கழுத்துக்குள் இருந்த சின்ன லேபிளைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா, இதுல என்ன போட்டிருக்கு தெரியுமா? 'மெஷின் வாஷ் கோல்ட். டு நாட் ப்ளீச். ரீஷேப் வைல் டாம்ப்.' பச்சைத் தண்ணியில தொவைக்கணும், வெளுக்கிற மருந்து போடக் கூடாது, ஈரமா இருக்கறப்பவே இழுத்து நேராக்கிக் காயப் போடணும். நீ சுருட்டி எறியற."

குருசாமி அசந்து போனார். அந்த லேபிளை அவர் கை எத்தனை ஆயிரம் சட்டையில் வைத்துத் தைத்திருக்கும்! அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

"யாரும்மா இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?"

"ஸ்கூல்லதான்."

"இங்கிலீஷ் வாத்தியாரா?"

"இங்கிலீஷுக்கு வாத்தியாரே இல்லப்பா. ஆனா..."

"இல்லையா?" குருசாமியின் முகம் மலர்ந்தது. "கருத்தம்மா, கேட்டியா? வாத்தியாரே இல்லாம எம்புள்ளைக்குத் தானா வருது. எங்கிட்டு இருந்து வருது? ரத்தம்! எங்க தாத்தா வெள்ளைக்காரன் காலத்துல ரயில்வே ஸ்டேஷன்ல சுக்குக்காப்பி வித்தவரு."

ஆஷா மறுபடியும் வாயைத் திறந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. 'வாத்தியாரே இல்லை' என்றது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இங்கிலீஷுக்கு ஆள் இல்லையாம். தையலுக்கு மட்டும் ஆள் இருக்கிறதாம்!

* * *

"அதெப்படி சார்?" என்று மறுபடியும் மயில்சாமியின் மேஜையில் குத்தினார். "மம்பட்டிக்கு ஆள் இருக்கு, ஊசிக்கு ஆள் இருக்கு. இங்கிலீஷுக்கு ஆள் இல்லையா?"

"அந்தப் போஸ்ட்டு ரொம்ப நாளா காலிங்க. நானும் மேல சொல்லிச் சொல்லிப் பாத்துட்டனுங்க. வரலாறு சார்தான் இங்கிலீஷ் பீரியட்ல போயி உக்கார்றாருங்க."

"உக்கார்றாரா? நடத்த மாட்டாரா?"

"உக்கார்றாருங்க."

"அப்ப தையல் பீரியட எடுத்துட்டு இங்கிலீஷுன்னு போடுங்க."

மயில்சாமிக்கு வேர்த்தது. கைத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏனுங்க, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றனுங்க. பாப்பாவைத் தையலுக்கே திருப்பி அனுப்பிச்சிருங்க. சில விசயத்தை வெளக்கமாச் சொல்ல முடியாதுங்க. நீங்க வேற கொஞ்சம் சத்தமாப் பேசறீங்க..."

"நான் சத்தமாப் பேசுறேனா?" என்று குருசாமி கேட்டதில் பக்கத்து வகுப்பில் நடந்துகொண்டிருந்த கணக்குப் பாடம் நின்றுபோனது.

"இல்லீங்க, இல்லீங்க."

"தோட்டமும் வேணாம், தையலும் வேணாம். வேற என்ன இருக்கு?"

"பி.டி. இருக்குதுங்க. அதுக்கும் பொங்கியண்ணன் சார்தானுங்க."

மண்வெட்டியை வைத்துவிட்டு விசிலை எடுத்தால் அவரே விளையாட்டு ஆசிரியர். ஆஷா அங்கே போனாள். போனவள் கோகோ ஆட்டத்தில் பறந்தாள். தினமும் முட்டியில் ஒரு புதுச் சிராய்ப்பு. சோறு மூன்று தட்டு. வெயிலில் நின்று நின்று கரிக்கட்டை நிறம். ஒரு நாள் மூச்சிரைக்க ஓடிவந்து, தாராபுரத்தில் நடக்கும் போட்டிக்குத் தன்னைச் சேர்த்திருப்பதாகச் சொன்னாள்.

"அரை டவுசர் வாங்கணும்பா."

அன்றைக்குக் கருத்தம்மா கரண்டியோடு வந்தாள். "தையல்னா விரல்ல ஒரு ஊசி குத்தும், அதோட போச்சு. நீங்க போயி நாயம் கேட்டுக் கேட்டு, புள்ளைக்குக் கையில கொப்புளம், முட்டியில ரத்தம், இப்ப அரை டவுசர்! இன்னொருக்கா நீங்க பள்ளிக்கூடத்துப் பக்கம் போனீக, மொட்டையடிச்சுத்தான் திருப்பி அனுப்புவாக!"

குருசாமி கரண்டிக்கு எட்டாமல் தள்ளி உட்கார்ந்தார். பதில் சொல்ல முடியாத கோபம் இன்னும் பெரிய கோபம். எல்லாவற்றுக்கும் காரணம் அந்தத் தையல் டீச்சர். அவள் மட்டும் கைக்குட்டையைக் கொடுக்காமல் இருந்திருந்தால்?

அவளை நேரிலேயே பார்த்து நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று மறுநாள் மத்தியானம் கிளம்பினார். ஹெட்மாஸ்டர் அறைப் பக்கம் போகவில்லை. பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு தையல் அறைக்குப் போனார்.

கதவு சாத்தியிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது. வாசற்படியில் பள்ளிக்கூடத்து ஆயா வேலாத்தாள் விளக்குமாற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, ஆரு வேணும்?"

"தையல் டீச்சரைப் பாக்கணும்."

வேலாத்தாள் விளக்குமாற்றுக் கட்டையால் கதவை இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே முணுமுணுவென்று கேட்டுக்கொண்டிருந்தது சட்டென்று அடங்கியது.

"இப்ப பாக்க முடியாதுங்க. பொம்பளைப் புள்ளைங்க அளவு எடுக்கற கிளாஸு. ஆம்பளைங்க இங்க நிக்கக் கூடாது. போங்க சாமி."

"கதவ எதுக்குச் சாத்தியிருக்கீக?"

"காத்துங்க."

ஒரு வேப்பிலைகூட அசையவில்லை.

குருசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் ஒன்று உறைத்தது. தையல் வகுப்பு. ஆனால் மெஷின் ஓடுகிற சத்தம் ஒரு துளியும் இல்லை.

சாயங்காலம் ஆஷாவை எதிரே உட்கார வைத்தார்.

"அந்த ரூமுக்குள்ள என்னடி நடக்குது?"

ஆஷா தரையைப் பார்த்தாள். "சொல்ல மாட்டேன்பா. எல்லாரும் டீச்சர் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கோம். வெளிய தெரிஞ்சா டீச்சருக்கு வேலை போயிடும்."

"அம்புட்டுப் பெரிய தப்பா?"

"தப்பு இல்லப்பா! டீச்சர் எங்களுக்காகத்தான்..."

"போதும். உள்ள போ."

மறுநாள் இதையெல்லாம் கேட்ட சகாயராஜ் ஓவர்லாக் மெஷினை நிறுத்திவிட்டான். எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட்டுக்காரன் மெஷினை நிறுத்துகிறான் என்றால் விஷயம் பெரியது.

"அண்ணே. கதவு சாத்தியிருக்கு. காவலுக்கு ஆயா. புள்ளைககிட்ட சத்தியம். வெளிய தெரிஞ்சா வேலை போயிரும். இன்னுமா வெளங்கல உங்களுக்கு?"

"என்னடா?"

"ஜாப் ஒர்க்குண்ணே! ஏதோ கம்பெனியில இருந்து மூட்டை மூட்டையா பீஸ் எடுத்துட்டு வந்து புள்ளைகள வச்சு வேலை வாங்குதா அந்தப் பொம்பள."

"மெஷின் சத்தம் கேக்கலியேடா?"

சகாயராஜ் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "பிசிரு வெட்டுறதுக்குச் சத்தம் வருமாண்ணே?"

குருசாமிக்குக் கண் முன்னால் படம் ஓடியது. தைத்து முடித்த பனியனில் தொங்குகிற நூல் பிசிரைக் குட்டிக் கத்தரிக்கோலால் நறுக்கித் தள்ளுகிற வேலை. சத்தமே வராது. வீட்டுக்கு வீடு நடக்கிற வேலை. சின்னக் கைக்குத்தான் சுளுவாக வரும். கண்ணாடி அறையில் உட்கார வேண்டிய பிள்ளை, சாத்திய கதவுக்குப் பின்னால் அம்பாரம் அம்பாரமாகப் பனியனுக்கு நடுவில் உட்கார்ந்து பிசிர் வெட்டுகிறது. அதற்குச் சத்தியம் வேறு. ஹெட்மாஸ்டருக்கும் பங்கு இருக்கும். இல்லாவிட்டால் ஏன் அப்படி வேர்க்கிறது?

"அன்னைக்கே சட்டையப் புடிச்சிருக்கணும்டா" என்றார் குருசாமி.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. இன்ஸ்பெக்ஷன் அன்னைக்குப் போங்க. பெரிய ஆபீசர் முன்னாடி வச்சு ஒடைங்க. நீங்க முன்ன போங்க, நான் பின்னாலயே வாறேன்."

* * *

இன்ஸ்பெக்ஷன் அன்றைக்குக் கம்பெனியில் ஷிப்மெண்ட். லீவு கேட்டதற்கு மேனேஜர் குதித்தார். குருசாமியும் பதிலுக்குக் குதித்துவிட்டு வந்தார். சகாயராஜ் பின்னால் வரவில்லை.

பள்ளிக்கூடம் சுண்ணாம்பு அடித்துப் பளபளவென்று இருந்தது. அதிகாரி வராந்தாவில் நின்று ஓவிய ஆசிரியரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"டிராயிங் மாஸ்டருக்கு சயின்ஸ் கிளாஸ்ல என்ன வேலை?"

"ஆள் இல்லீங்க சார். புள்ளைங்க சும்மா இருக்குதேன்னு..."

"சும்மா இருந்தா இருக்கட்டும். அவங்கவங்க பாடத்தைத்தான் அவங்கவங்க நடத்தணும். அதுதான் ரூல். இதுக்கு மெமோ வரும்."

ஓவிய ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டு போனார். இளநீரோடு நின்ற மயில்சாமிக்கு முகம் வெளிறிவிட்டது. இதுதான் நேரம் என்று குருசாமி உள்ளே பாய்ந்தார்.

"ஐயா! இங்க புள்ளைகள வச்சு ஜாப் ஒர்க்கு நடக்குதுய்யா! கதவச் சாத்திக்கிட்டுப் பிசிரு வெட்ட வைக்கிறாக!"

மயில்சாமியின் கையிலிருந்த இளநீர் நழுவி உருண்டு, தோட்டத்துக் கத்திரிச் செடியில் போய் முட்டி நின்றது.

"ஏனுங்க, ஏனுங்க... வேண்டாமுங்க..." என்று அவர் கெஞ்சக் கெஞ்ச, அதிகாரி முன்னால் நடந்தார். குருசாமி வழி காட்டினார்.

தையல் அறையில் கதவு இன்றைக்குத் திறந்து கிடந்தது. பிள்ளைகள் மடியில் ஆளுக்கொரு கைக்குட்டையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலையெண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்று ஆஷாவையும் அங்கேயே உட்கார வைத்திருந்தார்கள். அப்பாவைப் பார்த்ததும் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். சித்ரகலா டீச்சர் எழுந்து நின்றார். ஒல்லியான உடம்பு. கஞ்சி போட்ட பருத்திச் சேலை. குருசாமி மனசில் வைத்திருந்த ராட்சசி இவ்வளவு சின்னதாக இருப்பாள் என்று அவர் நினைக்கவில்லை. அதுவும் அவருக்குக் கோபத்தைத்தான் தந்தது.

"பீரோவைத் திறங்க" என்றார் அதிகாரி.

பனியன் மூட்டை இல்லை. பிசிர் இல்லை. கத்தரிக்கோல்கூட ஒன்றே ஒன்றுதான், துருப்பிடித்தது. பாக்கி எல்லாம் சாக்பீஸ் டப்பா. அடுக்கு அடுக்காக.

"தையலுக்கு எதுக்கும்மா இவ்வளவு சாக்பீஸ்?"

"துணியில கோடு போடறதுக்குங்க சார்" என்றார் டீச்சர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அதிகாரி முதல் வரிசையில் இருந்த பிள்ளையைக் கூப்பிட்டார். "எங்கே, ஒரு சங்கிலித் தையல் போட்டுக் காட்டு."

அந்தப் பிள்ளை ஊசியைத் தலைகீழாகப் பிடித்தது.

அடுத்த பிள்ளை நூலை எச்சில் தொட்டு எச்சில் தொட்டு ஊசிக் காதைத் தேடியது. காது கிடைக்கவில்லை. இன்னொருத்தி துணியோடு தன் பாவாடையையும் சேர்த்துத் தைத்துக்கொண்டு எழ முடியாமல் தவித்தாள். வகுப்பு முழுக்க ஒருத்திக்கும் தைக்கத் தெரியவில்லை.

பிள்ளைக்குத் தையல் சொல்லித் தருகிறார்களே என்று இத்தனை நாளாகக் கொதித்துக்கொண்டிருந்த குருசாமிக்கு இப்போது புதுக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அடப் பாவிகளா! தையலக்கூடவா ஒழுங்காச் சொல்லித் தரல?"

அதிகாரி டீச்சரைப் பார்த்தார். "மூணு வருஷமா இந்த ரூமுக்குள்ள என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க?"

டீச்சர் மயில்சாமியைப் பார்த்தார். மயில்சாமி மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை.

"எந் தப்புதாங்க சார்" என்றார் டீச்சர்.

ஆஷா எழுந்தாள். "சார், டீச்சர் வந்து..."

"ஆஷா, உக்காரு கண்ணு."

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுதாள். அவள் அழுததும் பின்வரிசை அழுதது. பயந்த பிள்ளைகள், பாவம் என்று நினைத்துக்கொண்டார் குருசாமி.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "குண்டடம் பக்கம் ஒரு ஸ்கூல்ல தையல் டீச்சர் வேணும்னு ரொம்ப நாளா கேக்கறாங்க. நாளைக்கே போய் அங்க ஜாயின் பண்ணுங்க. அங்கயாவது ஊசியை எடுங்க." பிறகு குருசாமி பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

ஒரு பெரிய ஆபீசர், 'உங்களுக்கு என்ன வேணும்' என்று தன்னைப் பார்த்துக் கேட்கிறார்! குருசாமிக்குக் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"இங்கிலீஷுங்கய்யா. எம்புள்ள என்னைய மாதிரி மெஷின்ல குனிஞ்சு கெடக்கக் கூடாதுங்கய்யா. நல்லா நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசி, நிமிந்து உக்காரணும். அந்தத் தையல் பீரியட்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுங்கய்யா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

சித்ரகலா டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நியாயமான கோரிக்கை" என்றார் அதிகாரி. "இனிமே இந்தப் பீரியட் இங்கிலீஷ். டீச்சர் வந்ததும் ஆரம்பிச்சிடலாம்."

"எப்பங்கய்யா வருவாக?"

"போஸ்டிங் போட்டதும்."

"எப்பங்கய்யா போடுவாக?"

"ஆள் கெடைச்சதும்."

குருசாமி திருப்தியாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். உள்ளே அழுகை இன்னும் பலமாகக் கேட்டது. அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அந்தக் கைக்குட்டைக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவருக்கு யார்மேலும் கோபம் இல்லை. கண்ணாடி அறையும் நாற்காலியும் கண்ணுக்குத் தெரிந்தன. ஏசிக் காற்றே மேலே பட்ட மாதிரி இருந்தது.

வாசலில் வேலாத்தாள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுத் தூணில் சாய்ந்து நின்றார். அன்றைக்கு விரட்டியடித்த ஆயாதான். போகட்டும், அவரிடமும் இனி என்ன பகை என்று குருசாமி சிரித்தார்.

"பாத்தீகளா ஆயா? ஒத்த ஆளா நின்னு சாதிச்சிட்டேன். இனிமே அந்தப் பீரியட்ல இங்கிலீஷுதான்!"

வேலாத்தாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நல்லா இருங்க சாமி! மூணு வருசமா கதவைச் சாத்தி, என்னைய வாசல்ல காவலுக்கு உக்கார வெச்சுப்போட்டு, அந்தப் பீரியட்ல அந்தம்மா நடத்திட்டு இருந்ததே இங்கிலீசுதானுங்க."